பத்துப் பேருக்கு ஒரு மேசை: டிம் சம்மா, ஹக்காவா, ஹொட் பொட்டா, ஃபோவா?

ரொறன்ரோவின் கிழக்குப் புறநகரில் ஆசியச் சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. 1984-இல் அஜின்கோர்ட்டில் டிராகன் சென்டர் திறந்தது. 1997-இல் ஸ்டீல்ஸும் கென்னடியும் சந்திக்கும் இடத்தில் பசிபிக் மோல் வந்தது. இன்று ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் சின்னக் கடைத்தொகுதி ஒன்றுக்குள்ளேயே நாலைந்து நாட்டுச் சமையல் கிடைக்கிறது. சிக்கல் தொடங்குவது மேசையில்தான். அம்மம்மா மாடு தொடமாட்டார், சித்தி வெள்ளியென்றால் சைவம், சின்னதுகளுக்கு உறைப்பு ஆகாது, பெரிய பெடியளுக்கு எவ்வளவு போட்டாலும் போதாது. இத்தனை பேரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டு எழும்ப வேண்டும்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மூன்று தலைமுறை சேர்ந்து போனால் பகலில் டிம் சம் (சின்னக் கூடைகளிலும் தட்டுகளிலும் வரும் சீனப் பலகாரங்கள்), இரவில் ஹக்கா (இந்திய-சீனச் சமையல்). ஹொட் பொட் (மேசையில் கொதிக்கும் சாற்றில் நாமே அவித்துச் சாப்பிடுவது) இளையவர்களுக்கு. ஃபோ (வியட்நாமிய நூடில்ஸ் சூப்) நாலு பேருக்கு மேல் போகாத குடும்பத்துக்கு.

டிம் சம்மின் பெரிய பலம் அந்த மேசைதான். பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றியிருக்கக்கூடிய வட்ட மேசை, நடுவில் சுழலும் தட்டு. கை எட்டாத முதியவருக்கும் எல்லாம் தானாகவே முன்னால் வந்து நிற்கும். சனி, ஞாயிறில் பதினொன்றரைக்குப் பிறகு வாசலில் கூட்டம் நிற்கும்; பத்து மணிக்கே போய்விட்டால் இடமும் கிடைக்கும், பல கடைகளில் பதினொரு மணிக்கு முந்திய பில்லுக்கு விலைக்கழிவும் உண்டு. ஒன்றைக் கவனியுங்கள்: வந்தவர்கள் பாதிக்குக் குறைவென்றால் பல கடைகளில் பெரிய மேசையைத் தரமாட்டார்கள். பிந்தி வரும் குடும்பத்துக்குப் பத்து மணி என்று சொல்லாமல் ஒன்பதரை என்று சொல்லி வையுங்கள்.

தள்ளுவண்டி சுற்றுவது அருகிவிட்டது. பெரும்பாலும் ஒரு தாளில் எண்ணிக்கை எழுதிக் கொடுப்பதுதான். பிழை இங்கேதான் நடக்கிறது. மூங்கில் கூடை ஒன்றில் 3 அல்லது 4 துண்டுதான் இருக்கும். பத்துப் பேருக்கு ஹார் காவ் (ஆவியில் அவித்த இறால் கொழுக்கட்டை) ஆளுக்கொன்றாவது வேண்டுமென்றால், 4 துண்டுக் கூடையில் 3 கூடை, 3 துண்டுக் கூடையில் 4 கூடை எழுத வேண்டும். ஒரு கூடை எழுதினால் நாலு பேர் எடுக்க ஆறு பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பத்துப் பேரில் இரண்டு பேர் சிறுவர் என்றால் மொத்தம் 22 முதல் 25 கூடையும் தட்டும் சரியாக இருக்கும். ஆனால் ஒரே தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் 12 போதும். அது பாதி முடிகிறபோது அடுத்த தாள். ஹார் காவின் தோல் கோதுமையிலிருந்து பிரித்தெடுத்த மாச்சத்தால் செய்தது. சூட்டில் கண்ணாடி போல மினுங்கி வழுக்கிக்கொண்டு வரும். பத்து நிமிடம் கிடந்தால் காய்ந்து அடித்தாளோடு ஒட்டி, தூக்கும்போது கிழிந்து இறால் வெளியே விழும். செங் ஃபன் என்ற அரிசிமாச் சுருளும் ஆறினால் ஒன்றோடொன்று ஒட்டிப் பசையாகிவிடும். பொரித்தவையும் முட்டை டார்ட்டும் கொஞ்சம் காத்திருக்கும். அவற்றை இரண்டாம் தாளுக்கு விடலாம்.

தேநீருக்கு ஆளுக்கு இவ்வளவென்று பில்லில் ஏறும். எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பூ-எர் என்ற கடும் நிறச் சீனத் தேநீர் நன்றாகப் பொருந்தும். பிள்ளைகளுக்குச் செவ்வந்திப் பூத் தேநீர் சொல்லலாம், அதில் கஃபீன் இல்லை. கேத்தில் முடிந்தால் மூடியைச் சரித்து வையுங்கள், கேட்காமலே சுடுதண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார்கள்.

டிம் சம் தோற்குமிடம் சைவம். பன்றி எங்கே ஒளிந்திருக்கும் என்று தெரியாமல் சாப்பிட்டுவிட்டுப் பிறகு மனம் நோகிறவர்கள் நிறையப் பேர். சியு மாய் என்ற அவித்த கொழுக்கட்டையில் பன்றியும் இறாலும் சேர்ந்திருக்கும். முள்ளங்கிக் கேக் பார்க்க மரக்கறி மாதிரித்தான் இருக்கும், உள்ளே சீனச் சொசேஜும் உலர்ந்த இறாலும். தாமரை இலையில் சுற்றிய கோழிச் சோற்றிலும் அந்தச் சொசேஜ் இருப்பது வழக்கம். முட்டை டார்ட்டின் மாவில் பன்றிக்கொழுப்பு இருக்கலாம், மாம்பழப் புடிங்கில் பெரும்பாலும் ஜெலற்றின் (விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது). பன்றியும் மாடும் மட்டும் வேண்டாம் என்பவர் இறால் செங் ஃபன், பொரித்த கணவாய் என்று வயிறு நிறையலாம்; ஹார் காவில் பன்றிக்கொழுப்பு சேர்க்கிறார்களா என்று கேட்டுவிட்டு எடுங்கள். சுத்த சைவக்காரருக்கோ சிப்பிச் சோஸ் விடாத காய்லான் கீரையும் வெறும் சோறும்தான் மிஞ்சும். அப்படி ஒருவரை வட்ட மேசையில் பட்டினி இருத்துவது அழகில்லை.

அந்த நாளுக்கு ஹக்கா. கொல்கத்தாவின் டாங்ராவில் தோல் பதனிட்டு வாழ்ந்த ஹக்கா சீனர் இஞ்சி, உள்ளி, பச்சை மிளகாய், சோயா சோஸ் எல்லாவற்றையும் இந்திய நாக்குக்கு ஏற்பக் கலந்து உருவாக்கிய சமையல் அது. அங்கிருந்து கனடாவுக்கு வந்தவர்களால் இங்கே வேரூன்றியது. நம்மவர்களுக்கு நாக்கில் பட்டவுடனே பிடித்துப்போவது இதனால்தான். பல கடைகள் ஹலால், அதனால் முஸ்லிம் நண்பர்கள் வந்தாலும் தயக்கமில்லை. பன்றிப் பயமும் போகும்.

ஹக்காவில் தட்டு பெரிது. ஒரு தட்டு மூன்று பேருக்குத் தாராளம். பத்துப் பேருக்கு: பெரிய சூப் 2, கோழிப் பக்கோடா 2, உலர்ந்த சில்லி சிக்கின் 1, குழம்போடு இரண்டு வகை, நூடில்ஸ் 2, ஃப்ரைட் ரைஸ் 2. எல்லாவற்றையும் குழம்பாகச் சொன்னால் மேசை முழுக்க ஒரே சோளமாச் சாறுதான் நிற்கும், மஞ்சூரியனுக்கும் மற்றதுக்கும் வித்தியாசம் தெரியாது. உறைப்பைத் தட்டுக்குத் தட்டு தனியாகச் சொல்லுங்கள். பிள்ளைகளின் நூடில்ஸுக்கு மிளகாயே வேண்டாம் என்று சொன்னால் செய்து தருவார்கள். சைவக்காரருக்கு நாலு கேள்வி: சூப் கோழி அவித்த தண்ணீரிலா, சிப்பிச் சோஸ் விடுகிறார்களா, நூடில்ஸில் முட்டை உண்டா, மரக்கறிப் பக்கோடா பொரிப்பது கோழி பொரித்த எண்ணெயிலா. கடைசிக் கேள்விக்கு ஆம் என்ற பதில் வர வாய்ப்பு அதிகம். அப்படியென்றால் சில்லி பனீரையும் மரக்கறி மஞ்சூரியனையும் விட்டுவிட்டு, பொரிக்காத டோஃபுவும் தாளித்த மரக்கறியும் கேளுங்கள்.

இடம்தான் ஹக்காவின் குறை. வீட்டுக்குக் கொண்டுபோகும் வியாபாரத்தை நம்பிய கடைகள் பல. நாலு பேர் மேசைகளை இழுத்துப் பொருத்தித்தான் பத்துப் பேர் இருக்கலாம். முதல்நாளே அழைத்துச் சொல்லாவிட்டால் இரண்டாகப் பிரிந்து இருக்க வேண்டிவரும். பெட்டியில் எடுத்துப் போவதென்றால் சோஸைத் தனியாகக் கேளுங்கள், பொரித்தவற்றின் மூடியை ஒரு ஓரம் திறந்து வையுங்கள். மூடிய பெட்டிக்குள் ஆவி நின்றால் பக்கோடாவின் மொறுமொறுப்பு போய்விடும்.

ஹொட் பொட் கலகலப்பானது, அதை மறுக்க முடியாது. ஆளுக்கொரு சின்னச் சட்டி தரும் கடையாகத் தேடிப்பிடித்தால் சைவக்காரர் தன் காளான் சாறோடு நிம்மதியாக இருக்கலாம். ஆனால் பொதுச் சட்டி வைக்கும் அடுப்பு மேசை ஒன்றில் ஆறு பேருக்கு மேல் நெருக்கம்; பத்துப் பேர் இரண்டு மேசையாவார்கள். அளவில்லாச் சாப்பாட்டுக் கடைகளில் ஒன்றரை, இரண்டு மணி நேரக் கெடு இருக்கும், மிச்சம் வைத்தால் தண்டப் பணமும் கேட்பார்கள். அதனால் முதல் சுற்றில் ஆளுக்கு இரண்டு தட்டுக்கு மேல் எழுத வேண்டாம். மெல்லிய இறைச்சிச் சீவலுக்கு அரை நிமிடம் போதும், மீன் உருண்டை மிதந்து வர ஐந்தாறு நிமிடம் ஆகும், உருளைக்கிழங்கை முதலிலேயே போட வேண்டும். பச்சை இறைச்சி எடுக்கும் இடுக்கியால் வெந்ததை எடுத்தால் வயிற்றுக்கு ஆபத்து. கொதிக்கும் சட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் நடை பழகும் குழந்தையோடு போகவே வேண்டாம்.

ஃபோ ஆளுக்கொரு கிண்ணம், பகிர ஒன்றுமில்லை, முக்கால் மணியில் எழும்பலாம். மரக்கறி ஃபோ என்று எழுதியிருந்தாலும் சாறு மாட்டெலும்பிலிருந்து வந்திருக்கலாம், கேளுங்கள். கோழி ஃபோவுக்கும் அதே கேள்விதான்.

பில் எங்கேயும் ஒன்றுதான்: 100 டொலருக்கு 13 வீத எச்.எஸ்.ரி. (விற்பனை வரி) சேர்ந்து 113. கார்ட் இயந்திரம் 15 வீத ரிப்ஸை 113-இல் கணக்கிட்டால் 16.95 காட்டும், வரிக்கு முந்திய தொகைக்கு அது 15 டொலர்தான், தொகையை நீங்களே தட்டிக் கொடுக்கலாம். பெரிய குழுவுக்குச் சேவைக் கட்டணத்தைக் கடையே பில்லில் சேர்த்திருக்கலாம். பில்லில் அதைப் பார்க்காமல் இயந்திரத்தை அழுத்தினால் இரண்டு தரம் கொடுத்துவிடுவீர்கள்.