12 கிலோ இளைத்த பிறகு ஸ்கூபா டைவிங் ஈயத்தை எங்கே வைப்பது: இடுப்பு பெல்ட்டிலா, பிசிடி ஜாக்கெட் பையிலா?

88 கிலோவிலிருந்து 76க்கு வர எனக்கு ஒன்றேகால் வருடம் பிடித்தது. பாலும் சர்க்கரையும் இல்லாத கோப்பி ஓ கோசோங்குக்கு மாறியதும் ராத்திரி புரோட்டாவை விட்டதும்தான், வேறு ரகசியம் இல்லை. அதற்கப்புறம் முதல்தடவை டைவ் அடிக்க மலேசியாவின் தியோமான் தீவுக்குப் போனபோது, தண்ணீரில் இறங்குவதற்காகக் கட்டும் பழைய 8 கிலோ ஈயத்தை அப்படியே பெல்ட்டில் கோர்த்துக் கட்டிக்கொண்டு குதித்தேன். 15 மீட்டரில் குப்புற நீந்திக்கொண்டிருக்கும்போது, தொப்புளுக்கு நேரே இருக்க வேண்டிய பக்கிள் நழுவி நழுவி முதுகுப்பக்கம் டேங்குக்கு அடியில் போயிருந்தது. கையை விட்டுத் துழாவுகிறேன், கிடைக்கவே இல்லை. அவசரத்துக்கு ஒரே இழுப்பில் கழற்றுவதற்காகத்தானே அந்தப் பக்கிள்?

எங்கே வைப்பது என்பதற்கு முன்னால் எவ்வளவு என்று பார்த்துவிடலாம். 12 கிலோ இளைத்தால் ஈயமும் ஏழெட்டு கிலோ குறையும் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. கொழுப்பு ஒரு லிட்டர் சுமார் 0.9 கிலோ, கடல்நீர் 1.025 கிலோ. போன 12 கிலோவும் சுத்தக் கொழுப்பே என்று வைத்துக்கொண்டாலும், மிதப்பில் குறைவது ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அதில் கொஞ்சம் தசையும் தண்ணீரும் போயிருக்கும், ஆகவே இன்னும் குறைவு. பழைய வெட்சூட் (ரப்பர் டைவிங் உடை) தொளதொளவென்று ஆகிவிட்டதால் சின்ன அளவில் வாங்கினால் மிதக்கும் ரப்பரும் குறையும், அதற்கும் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்.

ஈயத்தைக் குறைக்காமல் பிசிடியில் (காற்றை அடித்தோ விட்டோ மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்) கூடுதலாகக் காற்றை அடித்துச் சமாளிப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. இடுப்பு கனத்துக் கால் கீழே தொங்கும், ஒரு மீட்டர் ஏறினாலும் உள்ளே இருக்கும் காற்று விரிந்து ஆளை மேலே இழுக்கும். சிங்கப்பூரின் புலாவ் ஹந்து தீவில் இப்படிப் போனால் காலில் மாட்டிய ஃபின் சேற்றைக் கிளப்பிவிடும். ஏற்கெனவே அங்கே இரண்டு மூன்று மீட்டர்தான் தெரியும், பின்னால் வருகிறவர் உங்களை என்ன சொல்லித் திட்டுவார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

சரி, பெல்ட். விலை மலிவு, எந்த பிசிடியோடும் ஒத்துப்போகும், கடைசியில் படகில் ஏறும்போது முதலில் அதைக் கழற்றிக் கொடுத்துவிடலாம். ஆனால் தொப்பை போனவனுக்கு அது எதிரி. முன்பு வயிறு தாங்கியது, இப்போது தாங்க ஒன்றும் இல்லை. கரையில் இறுக்கமாகக் கட்டினாலும் ஆழத்தில் வெட்சூட் அமுங்கி நைலான் பெல்ட் மறுபடி தளரும். ரப்பர் பெல்ட் அங்கே நன்றாக வேலை செய்கிறது: இழுத்துக் கட்டினால் உடம்போடு சேர்ந்து சுருங்கிக்கொள்ளும். பழைய நீளத்தை அப்படியே விட்டால் வால் அரை மீட்டர் தொங்கி எதிலாவது மாட்டும், ஆகவே ஒரு சாண் விட்டு மீதியை வெட்டிவிடுங்கள்.

பிசிடி பையில் இடுப்புவலி இல்லை, நழுவல் இல்லை. இதைக் கேட்டுத்தான் நானும் ஆசையாக மாறினேன். ஆனால் என் பழைய எல் சைஸ் ஜாக்கெட்டின் வயிற்றுப்பட்டையைக் கடைசிவரை இழுத்தும் உடம்போடு நிற்கவில்லை. மேலே வந்து காற்றை அடித்ததும் ஜாக்கெட் காது வரை ஏறிவிட்டது, ஈயமும் கூடவே ஏறியது. தொளதொள ஜாக்கெட்டுக்குள் ஈயத்தை வைப்பது, தளர்ந்த பெல்ட்டைத் தோளில் மாட்டிக்கொள்வது மாதிரிதான். எம் சைஸ் வாங்கிய பிறகுதான் பையின் அருமை தெரிந்தது. ஒன்று மட்டும் கவனம்: வெல்க்ரோ தேய்ந்த பை ஒருபக்கம் கழன்று விழுந்தால் ஆள் சாய்ந்து மேலே போய்விடுவார். படகுத் தம்பியிடம் ஜாக்கெட்டைக் கொடுக்கும் முன் பைகளை உருவிக் கொடுங்கள், பாவம் அவர் முதுகு.

சொந்த ஜாக்கெட் உடம்புக்குச் சரியாக இருந்தால் என் ஓட்டு பைக்குத்தான். வாடகைக்கு எடுப்பவர்கள் ரப்பர் பெல்ட் ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டே போங்கள், அங்கே கொடுக்கும் ஜாக்கெட்டில் ஈயப் பை இருக்கும் என்று நிச்சயமில்லை.

கணக்கு எதுவானாலும் கடைசியில் தண்ணீரில்தான் சரிபார்க்க வேண்டும், அதுவும் குளத்தில் அல்ல, கடலில். நன்னீரில் சரியாக இருப்பவருக்குக் கடலில் இரண்டு, இரண்டரை கிலோ கூடத் தேவைப்படும். டைவ் முடிந்து டேங்கில் 50 பார் அழுத்தம் இருக்கும்போது, மேலே நிமிர்ந்து நின்று பிசிடியைக் காலி செய்து, சாதாரணமாக ஒரு மூச்சை இழுத்துப் பிடியுங்கள். தண்ணீர் கண்மட்டத்தில் நின்று, மூச்சை விட்டதும் மெல்ல அமிழ வேண்டும். நிறைந்த டேங்கோடு பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் டைவில் செலவாகும் 150 பார் காற்றே ஏறக்குறைய 2 கிலோ.

நான் அப்படிப் பார்த்து ஒவ்வொரு கிலோவாகக் கழற்றினேன். 7இலும் கல் மாதிரி இறங்கினேன். 6இல் நின்றது. கணக்கு சொன்னதைவிடக் கூடுதலாகவே குறைந்திருக்கிறது என்றால், குண்டாக இருந்த காலத்திலேயே தேவைக்கு மேல் கட்டிக்கொண்டுதான் திரிந்திருக்கிறேன்.