காக்கர் ஸ்பேனியலின் முடி: வீட்டிலா, பார்லரிலா?

அல்சூரில் எங்கள் வீட்டுக்கு காக்கர் ஸ்பேனியல் நாய் வந்து நாலு வருஷம் ஆகிறது. இரண்டு வழியையும் பார்த்துவிட்டோம்.

பார்லரில் வேலை சுத்தம். வயிற்று முடி, பாத விரலிடுக்கு எல்லாவற்றையும் மெஷினால் சீராக வெட்டிவிடுவார்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை போகிறோம். ஆனால் நடுவில் வரும் நாட்களில்தான் காது கெடுகிறது.

தொங்கும் காதுக்குள் காற்று சரியாகப் போகாது. பெங்களூரு மழையில் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சை சுலபமாக வரும். ராத்திரி என் மகள் தரையில் உட்கார்ந்து, அதன் காதைப் புரட்டி மோந்து பார்ப்பாள். புளித்த வாடை அடித்தால் மறுநாளே டாக்டரிடம் போய்விடுவோம். காதுக்குப் பின்னால் பஞ்சு மாதிரி சிக்கிக்கொள்ளும் முடியை முதலில் விரலால் பிரிப்பாள், அப்புறம்தான் சீப்பு. பட்ஸ் மட்டும் உள்ளே விடவே கூடாது. அழுக்கை இன்னும் ஆழத்துக்குத் தள்ளிவிடும். அப்புறம், சாப்பாட்டில் காது நனையாமல் இருக்க வாய் குறுகிய, ஆழமான கிண்ணம் வாங்குங்கள்.

கத்தரியை மட்டும் வீட்டில் எடுக்காதீர்கள். சிக்கு தோலோடு ஒட்டியே இருக்கும். ஒருமுறை என் கையாலேயே காது மடல் வெட்டுப்பட்டு ரத்தம் வந்தது. அதிலிருந்து வெட்டுவது மட்டும் பார்லரில்தான்.