ஈறு வெயிலில் கறுக்குமா?

கடந்த ஜூலையில் லண்டனிலிருந்து புதுக்கோட்டைக்குப் புறப்பட்டபோதே என் 11 வயது மகன் 6 மாதமாகச் சோர்ந்திருந்தான். எடை 3 கிலோ குறைந்திருந்தது. ஊறுகாயைச் சோறில்லாமலே எடுத்துத் தின்றுகொண்டிருந்தான். அங்கே குடும்ப மருத்துவர் இரண்டு முறை பார்த்து, இரத்தசோகையும் தைராய்டு குறையும் இல்லையென்று கண்டபின், புதிய பள்ளியால் வந்த மன அழுத்தமாக இருக்கலாம் என்றார். அவன் கறுத்திருந்ததைப் பற்றி அவர் கேட்கவுமில்லை, நாங்கள் சொல்லவுமில்லை. ஊரிலோ, காரை விட்டு இறங்கிய உடனேயே, "பிள்ளை வெயில்ல கறுத்துட்டானே" என்றார் அத்தை.

நான்காம் நாள் வாந்தியும் மயக்கமும் வந்தன. பக்கத்துத் தனியார் மருத்துவமனையில் உஷ்ணம் என்று சொல்லிப் பத்தே நிமிடத்தில் பாட்டில் ஏற்றினார்கள். மறுநாள் எழுந்து ஓடினான். லண்டனில் இந்த வேகம் கிடைக்குமா என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன். அடுத்த வாரமும் அதே கதை. உடல் இழந்துகொண்டிருந்த உப்பைத்தான் அந்தச் சலைன் ஈடு செய்தது என்பதும், அந்தத் தற்காலிகத் தெளிவே நோயை மறைத்தது என்பதும் பிறகுதான் புரிந்தன.

மூன்றாம் முறை நள்ளிரவில் அரசு மருத்துவமனைக்குச் சென்றோம். பணியிலிருந்த இளம் மருத்துவர் அவன் உள்ளங்கையை விரித்து ரேகைகளைப் பார்த்தார். உதட்டைத் தூக்கி ஈறுகளைப் பார்த்தார். முழங்காலில் இருந்த பழைய தழும்பையும் விடவில்லை. எல்லாம் கறுத்திருந்தன. "வெயில் ஈறுல படாதே சார். உப்பு நிறையக் கேட்பானா?" என்றார். இரத்தத்தில் உப்பின் அளவைக் காட்டும் சோடியம் 135க்குக் குறையக் கூடாதாம். அவனுக்கு 122 இருந்தது. பொட்டாசியம் ஏறியும் சர்க்கரை இறங்கியும் இருந்தன. இரத்தம் எடுத்துவைத்துவிட்டு, முடிவுக்குக் காத்திராமல், உடலில் குறைந்துபோன ஹார்மோனை ஈடு செய்யும் ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட்டார். ஏசிடிஎச் என்ற ஹார்மோனின் பரிசோதனைக்கான இரத்தம் சூட்டில் கெட்டுவிடும் என்பதால், லேப் ஊழியர் அதை ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில் திருச்சிக்குக் கொண்டுபோனார்.

அடிசன் நோய் என்று உறுதியானது. சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பிகள், நோயையும் அழுத்தத்தையும் உடல் தாங்க உதவும் கார்டிசோலையும் உப்பைக் காக்கும் ஆல்டோஸ்டிரோனையும் சுரக்காதபோது, அவற்றை முடுக்குவதற்காகப் பிட்யூட்டரி சுரப்பி ஏசிடிஎச்சைக் கொட்டுகிறது. அது தோலின் நிறமிச் செல்களையும் தூண்டிவிடுவதால்தான் கறுப்பு. தாமஸ் அடிசன் இதை 1855இல் விவரித்தது லண்டனில், நாங்கள் குடியிருக்கும் அதே நகரில்! ஆண் குழந்தை என்பதால் அட்ரினோலியூகோடிஸ்ட்ரோபி என்ற மரபணு நோயும் பின்னணியில் இருக்கலாம் என்று, அந்நோயில் இரத்தத்தில் கூடும் மிக நீள்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களையும் சோதிக்கச் சொன்னார் திருச்சியின் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர். நல்லவேளை, அது இல்லை.

குறை என்று சொல்வதானால் மருந்துதான். ஆல்டோஸ்டிரோனுக்கு ஈடாகத் தரும் ஃப்ளூட்ரோகார்டிசோன் மாத்திரை நாங்கள் ஏறி இறங்கிய எந்த மெடிக்கலிலும் இல்லை. மறுநாள் திருச்சியிலிருந்து பஸ் பார்சலில் வந்தது. காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்டிசோனின் அளவைக் கூட்ட வேண்டும், வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் ஊசி போட வேண்டும் என்று சீட்டில் எழுதித் தந்தார்களே தவிர, ஊசி போடும் முறையை நானாகக் கேட்ட பிறகே செவிலியர் ஒருவர் கற்றுத் தந்தார். அதை அறியாமல் விமானம் ஏறியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

இப்போது ஈறு வெளுத்து வருகிறது. போன வாரம் வீடியோவில் பார்த்த அத்தை, "லண்டன் குளிருக்குப் பிள்ளை நல்லா நிறம் வந்துட்டான்" என்கிறார்.