டிஜிகேம்: முகத்துக்குப் பெயர், பெயருக்கு ஓர் இடம்

வீட்டிலிருந்த பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்து, அவற்றோடு இருபது ஆண்டுகளாகச் சேர்ந்த டிஜிட்டல் படங்களையும் ஒரே இடத்தில் கொட்டிவைத்த பிறகு, ‘அம்மா இருக்கும் படங்களை மட்டும் எடுத்துக் கொடு’ என்று தங்கை கேட்டதற்கு எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் செலவாயிற்று. அதன் பிறகே டிஜிகேமின் முகமறியும் வசதியை முறையாகப் பயன்படுத்தத் தொடங்கினேன். கட்டற்ற மென்பொருள்களை உருவாக்கும் கேடிஈ (KDE) சமூகத்தைச் சேர்ந்த தன்னார்வலர்கள் 2001 முதல் வளர்த்துவரும் இந்தக் கட்டற்ற மென்பொருள் லினக்ஸ், விண்டோஸ், மேக் ஆகிய மூன்றிலும் இயங்குகிறது; விலை கிடையாது. படங்களைத் திருத்தவும் அடுக்கவும் இதில் ஏராளமான வசதிகள் இருப்பினும், முகங்களைப் பற்றிய பகுதியை மட்டுமே இங்கே மதிப்பிடுகிறேன்.

வேலை இரண்டு கட்டங்களாக நடக்கிறது. முதலில், படத்தில் எங்கெங்கே முகம் இருக்கிறது என்று தேடி, அதைச் சுற்றிக் கட்டம் போடுகிறது. அடுத்து, நாம் ஏற்கெனவே பெயரிட்ட முகங்களோடு ஒப்பிட்டு, இது இன்னாராக இருக்கலாம் என்று பரிந்துரைக்கிறது. 2020-இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து இவ்விரண்டும், ஏராளமான படங்களைக் காட்டிக் கணினியைப் பழக்கும் ஆழ்கற்றல் முறைக்கு மாறிவிட்டன. அப்படிப் பழக்கிவைத்த மாதிரிக் கோப்புகளைத் தனியாகப் பதிவிறக்கிக்கொள்ள வேண்டும் என்பதால், முதல் நாள் நல்ல இணைய இணைப்பு இருப்பது நல்லது. பல்லாயிரம் படங்களைத் துழாவ சாதாரண மடிக்கணினிக்கு மணிக்கணக்கில் ஆகும். இரவில் ஓட விட்டுவிட்டுத் தூங்கிவிடலாம்.

பரிந்துரையைத் தானாகவே உண்மை என்று எடுத்துக்கொள்ளாமல், நம் ஒப்புதலுக்காகத் தனியே நிறுத்திவைப்பது இதில் எனக்குப் பிடித்த பண்பு. பெயரில்லாதவை, உறுதிசெய்யப்படாதவை, புறக்கணிக்கப்பட்டவை என்று மூன்று கூடைகள் இருக்கின்றன. முகத்தின் மேல் சுட்டியைக் கொண்டுபோனால் ஏற்கவும் மறுக்கவும் பொத்தான்கள் தோன்றுகின்றன. புறக்கணிப்புக் கூடையில் எங்கள் வீட்டுப் படங்களிலிருந்து சேர்ந்தவற்றில் பாதிக்கு மேல் சுவரில் தொங்கிய நாட்காட்டி முருகனும், கல்யாண மண்டப வாசலின் பதாகைத் தலைவர்களுமே. அவையும் முகங்கள்தாமே, கணினியைக் குறை சொல்ல முடியாது.

ஒரே ஆளுக்குப் பலவிதமான படங்களில் பெயரிட்டு வைத்தால் பரிந்துரைகள் தெளிவடைகின்றன. நேராகப் பார்க்கும் ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு மற்றவற்றையெல்லாம் கண்டுபிடிக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பக்கவாட்டு முகம், குழந்தை முகம், அக்கா தங்கை ஒற்றுமை ஆகியவை எந்த முகமறி மென்பொருளுக்குமே கடினமானவை. 1960களின் ஸ்டூடியோ படங்கள் வேறொரு வகைச் சோதனை: நெகட்டிவிலேயே பென்சிலால் சுருக்கங்களைத் தேய்த்து எல்லோரையும் வழுவழுப்பாக்கிய காலம் அது. அங்கே பெரியம்மாவுக்கும் சித்திக்கும் வேறுபாடு சொல்ல மனிதர்களே தடுமாறுகிறோம்.

பெயரிடும்போது நான் முதலில் செய்த தவறு, ‘தாத்தா’, ‘அத்தை’ என்று உறவுமுறையை எழுதியது. எனக்கு அத்தை என் மகனுக்கு அத்தை அல்லர். தொகுப்பு அடுத்த தலைமுறையிடம் போகும்போது அந்தச் சொல் பொய்யாகிவிடும். சொந்தப் பெயரை எழுதினாலும் சிக்கல் தீர்வதில்லை, ஏனெனில் பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் குடும்பங்களில் ஒரே பெயரில் இருவர் இருப்பார்கள். இறுதியில் ‘சுப்பையா 1931’, ‘சுப்பையா 1988’ என்று பிறந்த ஆண்டைச் சேர்த்து எழுதும் பழக்கத்துக்கு வந்தேன். குறிச்சொற்களைத் தமிழிலேயே தட்டச்சு செய்யலாம், தேடலாம். ஒரு பெயரின் கீழ் இன்னொன்றை அடுக்கிக் கிளைகளாகவும் வைத்துக்கொள்ளலாம்.

இனி, இந்த மென்பொருளை நான் தேர்ந்தெடுத்ததற்கான உண்மையான காரணத்துக்கு வருகிறேன். டிஜிகேம் பெயரையும் முகக் கட்டத்தின் இடத்தையும் தன் தரவுத்தளத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், படக்கோப்பின் உள்ளேயே எக்ஸ்எம்பி (XMP) குறிப்பாக, அதாவது படத்தைப் பற்றிய விவரங்களை அதனுடனேயே பதியும் பொது முறையில், எழுத வல்லது. 2010-இல் மெட்டாடேட்டா (படத்தைப் பற்றிய விவரக் குறிப்புகள்) ஒர்க்கிங் குரூப் என்ற நிறுவனங்களின் கூட்டமைப்பு வகுத்த பொது வடிவத்தையும் அது பின்பற்றுவதால், அடோபியின் லைட்ரூம் போன்ற பிற படத் தொகுப்பு மென்பொருள்களாலும் அதைப் படிக்க முடிகிறது. முகங்களைப் பிரித்துக் காட்டுவதில் 2009-இலேயே பெயர்பெற்ற பிக்காசா என்ற தன் படத் தொகுப்பு மென்பொருளை 2016-இல் கூகுள் நிறுத்திவிட்டது. எந்த மென்பொருளுக்கும் ஆயுள் உண்டு, படத்தோடு போகும் பெயருக்கு அதைவிட நீண்ட ஆயுள் வேண்டும். அமைப்புகளில் மெட்டாடேட்டா பகுதிக்குப் போய், முகக் குறிகளைக் கோப்பில் எழுதும் தேர்வு இயக்கத்தில் இருக்கிறதா என்று வேலையைத் தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். மூலக் கோப்பைத் தொட மனமில்லாதவர்கள் பக்கத்தில் தனிக் கோப்பாக எழுதச் சொல்லலாம். எழுதிய பெயரும்கூட எல்லா வழியிலும் பயணம் செய்வதில்லை: வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் குறிப்புகள் உதிர்ந்துவிடும், ஆவணமாக அனுப்பினால் தங்கும்.

முகங்களை ஒப்பிடும் வேலை முழுவதும் நம் கணினிக்குள்ளேயே நடக்கிறது என்பதும் சிறிய விஷயமன்று. 2021 நவம்பரில் ஃபேஸ்புக் தன் முகமறியும் ஏற்பாட்டை மூடி, நூறு கோடிக்கும் மேற்பட்டோரின் முகத்தரவை நீக்கப்போவதாக அறிவித்தது. அதுவரை அவ்வளவு முகங்கள் ஒரே நிறுவனத்திடம் இருந்தன என்பதே அதன் மறுபக்கம்.

குறைகள் இல்லாமல் இல்லை. தேர்வுகளின் எண்ணிக்கை புதியவரை மிரட்டும், முகங்களைத் தேடும் சாளரத்தில் எதை எப்போது அழுத்துவது என்பது கையேட்டைப் படிக்காமல் விளங்காது. கைப்பேசியிலேயே எல்லாம் முடிய வேண்டும் என்று விரும்புபவர்களுக்கு இது ஏற்றதன்று.

பெயரில்லாதவர்களின் கூடையைத்தான் நான் அடிக்கடி திறக்கிறேன். 1974, 1979, 1983 ஆகிய மூன்று கல்யாணங்களின் படங்களில் கூட்டத்தின் ஓரத்தில் ஒரே முகம் வருவதை அங்கேதான் கவனித்தேன். உறவினர் என்றே நினைத்திருந்தோம். எண்பத்திரண்டு வயது அத்தையின் அருகில் மடிக்கணினியை வைத்துக் காட்டியபோது, கண்ணாடியைக்கூடப் போட்டுக்கொள்ளாமல், ‘நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் சமைக்க வருவாரே, அவருதான்’ என்றார். பெயர் அவருக்கும் நினைவில்லை. இப்போதைக்கு ‘சமையல்காரர், மூன்று கல்யாணம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.