வேனுக்கு நிழல், வீட்டுக்குக் கரண்ட்: கல்லாற்றில் ஒரு சோலர் கொட்டில்

சோலர் போட்டவர்களிடம் கேட்டால் பனல் எத்தனை வொட்ஸ், பனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேர்ட்டர் என்ன மார்க் என்றுதான் சொல்வார்கள். வீட்டுக் கூரையில் போடுகிறவர்களுக்கு அது காணும். முற்றத்தில் நாலு தூண் நாட்டி, பனலையே கூரையாக்கி, கீழே வாகனம் விட நினைக்கிறவர்கள் முதலில் இரும்பைப் பற்றிக் கேட்க வேண்டும், மறுகா சீமெந்தைப் பற்றி. பனல் கடைசி. மட்டக்களப்பு மாவட்டத்துப் பெரியகல்லாற்றில் எங்கள் வளவில் இப்படி ஒரு கொட்டில் நின்று ஒரு மாரியையும் ஒரு கச்சான் காலத்தையும் கண்டுவிட்டது. அதனால் கொஞ்சம் துணிந்தே எழுதுகிறேன்.

நான் ஹயர் வேன் ஓடுகிறவன். வீட்டுக்கு மேலே அஸ்பெஸ்டஸ் சீற், பழசு. ஆள் ஏறினாலே வெடிக்கும், அதற்கு மேல் பனல் ஏற்றுவதற்கு எந்தக் கொம்பனியும் பொறுப்பு எடுக்காது. போதாததற்கு மேற்குப் பக்கம் மாமரம், இரண்டு மணிக்குப் பிறகு பாதிக் கூரை நிழல். பார்க்க வந்த பொடியன் மரத்தை வெட்டலாம் என்றான். மாமி காதில் விழுந்திருந்தால் தேத்தண்ணி குடிக்காமலே திரும்பியிருப்பான். முன் முற்றத்தில் வெயில் தாராளம், வேனும் அங்கேதான் காய்ந்துகொண்டிருந்தது. அப்போ இரண்டையும் ஒன்றாக்கினால் என்ன என்று மகன் கட்டாரில் இருந்து கேட்டான். பாதிக் காசும் அவன்தான் அனுப்பினான்.

580 வொட்ஸ் பனல் 10, 5 கிலோவாட் இன்வேர்ட்டர். ஒரு பனல் ஏறக்குறைய 2.28 மீற்றர் நீளம், 1.13 மீற்றர் அகலம். ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை வைத்தால் 26 சதுர மீற்றர் கூரை. வேனும் நிற்கும், பக்கத்தில் மகளின் ஸ்கூட்டியும் நிற்கும்.

கொம்பனி முதலில் கொண்டுவந்த படத்தில் இரண்டு அங்குலப் பைப் தூண்கள். அடியில் இரும்புத் தட்டு, அதை இருக்கிற சீமெந்து நிலத்தில் ஆணிப்போல்ட் போட்டு இறுக்குவதாம். விற்பனைக்கு வந்தவர் "பனல் எல்லாம் சேர்த்து 320 கிலோதான் அண்ணன், இந்தப் பைப் தாராளமாத் தாங்கும்" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் 78 சூறாவளி அடித்தபோது எனக்கு எட்டு வயது. தென்னைகள் தலையில்லாமல் நின்றதைப் பார்த்தவனிடம் பாரம் தாங்கும் கதை சொல்லிப் பிரயோசனம் இல்லை. சிவில் படித்த மருமகனைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினேன். "மாமா, இதில கீழ இறங்கிற பாரம் ஒரு பிரச்சினையே இல்ல. மேல தூக்கிற காத்துக்குத்தான் கணக்குப் பார்க்கணும்" என்றான்.

அவன் போட்ட கணக்கை இங்கே எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். மணிக்கு 100 கிலோமீற்றரில் அடிக்கும் காற்று சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 47 கிலோ விசையில் அழுத்தும். 26 சதுர மீற்றருக்கு அது 1.2 தொன். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்கு, அதாவது ஐந்து தொன்னுக்குக் கிட்ட. நாலு பக்கமும் திறந்த கொட்டிலில் காற்று அடியால் புகுந்து தூக்கும். வீட்டுக் கூரையில் இந்த வில்லங்கம் இவ்வளவு இல்லை. எங்கள் ஊரோ ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. காற்றை மறிக்க ஒன்றும் இல்லை.

அப்போ தூணுக்கு அடியில் ஐந்து தொன்னுக்கு மேல் பாரம் வேண்டும். கிடங்கு வெட்டத் தொடங்கியதும் அடுத்த தலையிடி. இது கடல் மணல், மூன்று அடி இறங்குவதற்குள் சுற்றவரச் சரிந்து விழுகிறது. கொம்பனி ஆட்கள் பலகை அடைக்கலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றார்கள். மண்வெட்டியோடு நின்ற எங்கள் ஊர் மேசன் பாஸ்தான் வழி சொன்னார்: கிணற்றுக்கு இறக்கும் மூன்று அடிக் கொட்டு, அதாவது சீமெந்து வளையம், ஒன்றை வை, உள்ளுக்குள் நின்று மணலை அள்ளு, கொட்டு தன்பாட்டில் இறங்கும். அப்படியே நாலு இடத்தில் கொட்டு இறக்கி, உள்ளே கம்பிக்கூடு வைத்து, தூணை நிறுத்தி, கொங்கிறீற் நிரப்பினோம். ஒன்று ஒன்றரைத் தொன் அளவில் வரும், நாலும் ஆறு தொன். மணல் தரையில் கொட்டில் போடுகிறவர்கள், களுவாஞ்சிகுடி தொடக்கம் திருக்கோவில் வரைக்கும் கரையோரம் இருக்கிறவர்கள், இதை யோசித்துப் பாருங்கள். செலவு அதிகம் இல்லை, நேரமும் மிச்சம்.

தூணை நாலு அங்குலச் சதுரப் பைப்புக்கு மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள், மேலதிகக் காசுக்கு. உயரம் தாழ்ந்த பக்கம் 2.5 மீற்றர், உயர்ந்த பக்கம் 3.3. என் வேன் உயரக்கூரை வேன், அதற்கு மேல் கையளவு இடைவெளி. 10 பாகை சாய்வு, தெற்குப் பார்த்து. நம்முடைய இடத்துக்கு 7, 8 பாகையே வெயிலுக்குப் போதும், ஆனால் 10க்குக் கீழே போனால் மழை பனலைக் கழுவாது, அடி விளிம்பில் ஊத்தை தங்கும். வேன் கிழக்கால் நுழையும், தண்ணீர் தெற்கால் ஓடும். இந்தச் சாய்வு, திசை விஷயத்தில் கொம்பனியை ஒரு குறையும் சொல்ல மாட்டேன். காலை, மத்தியானம், பின்னேரம் என்று வந்து நிழல் பார்த்துத்தான் இடம் குறித்தார்கள். அயல் வளவுத் தென்னையின் ஓலை நிழல் மூன்று மணிக்கு எங்கே விழும் என்பது வரைக்கும் பார்த்தார்கள். ஒரு பனலில் விழும் நிழல் அந்த வரிசையையே இழுத்து விழுத்தும் என்று அப்போதுதான் எனக்கும் விளங்கியது. தேங்காய் விழுந்தால் என்ன ஆகும் என்றும் கேட்டேன். சிரித்தார்கள். தென்னைக்கு எட்டாத தூரமாக இரண்டு அடி தள்ளி வைத்தோம்.

குறை சொல்ல வேண்டியது வெல்டிங். பைப் எல்லாம் தொட்டியில் தோய்த்த கல்வனைஸ், அதுவரை சரி. ஆனால் கல்வனைஸ் பைப்பை வெல்ட் பண்ணினால் அந்த இடத்து நாக (சிங்க்) உலோகப் பூச்சு எரிந்துவிடும். எரிந்த இடத்தைக் கம்பிப் பிரஷால் உரஞ்சி, நாகம் கலந்த பெயின்ற் இரண்டு கோட் பூச வேண்டும். இவர்கள் வெறும் வெள்ளிப் பெயின்ற் ஒரு கை அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். மாரி முடியுமுன்னே ஒவ்வொரு மூட்டிலும் மண்ணிறக் கோடு, தூண் வழியே கண்ணீர் மாதிரி வடிந்து நின்றது. நகத்தால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காகக் கறள். பைப்பைத் துளைத்த ஓட்டைகளிலும் அதே கதை. கோல் எடுத்தால் "உப்புக் காத்து ஐயா, நாங்க என்ன செய்யிற" என்றார்கள். உப்புக் காற்று வீசும் ஊர் என்று தெரிந்துதானே வந்தீர்கள்? கடைசியில் கல்முனையில் இருந்து நான் பெயின்ற் வாங்கி, எங்கள் வெல்டிங் பாஸைக் கொண்டு திருத்தினேன். அந்தக் காசைக் கழித்துத் தரச் சொல்லி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வெல்டிங்கை இயன்ற அளவு குறைத்து, போல்ட் போட்டுப் பூட்டும் சட்டம் கேளுங்கள். பனல் இருக்கும் தண்டவாளம் அலுமினியம், போல்ட் ஸ்டெயின்லஸ். அலுமினியம் இரும்புத் தூணில் நேரே படும் இடத்தில் இறப்பர் வைக்க வேண்டும். இரண்டு உலோகம் உப்புத் தண்ணியில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்று மற்றதைத் தின்னும். அது மட்டும் ஒழுங்காக வைத்திருந்தார்கள்.

அப்புறம் ஒழுக்கு. பனலுக்கும் பனலுக்கும் நடுவே கிளிப் பிடிக்க விரற்கடை இடைவெளி விட வேண்டும், அதனால் சோலர் கொட்டில் என்பது இயல்பிலேயே ஒழுகும் கூரை. விற்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. எங்களுக்குச் சிலிக்கன் பூசி அடைத்தார்கள். பகல் வெயிலில் பனல் விரிந்து, இரவில் சுருங்கி, சிலிக்கன் ஓரம் ஓரமாக எழும்பிவிட்டது. முதல் வாடை மழைக்கே வேனின் கண்ணாடியில் வரிசையாகத் தண்ணி விழுந்தது. சிலிக்கனைச் சுரண்டி எடுத்துவிட்டு, இடைவெளிக்கு அடியில் சின்ன அலுமினியப் பீலி கொடுத்து, அதைத் தெற்கு ஓரத்துப் பெரிய பீலியில் விழுத்திய பிறகுதான் நின்றது. இதைக் கொம்பனியே தங்கள் செலவில் செய்தது, நன்றி. முதலிலேயே செய்திருக்கலாம்.

மின்சார வேலைக்கு வந்த தம்பியைத் தாராளமாகப் புகழலாம். இன்வேர்ட்டரைத் தூணில் மாட்டலாம், வயர் மிச்சம் என்று மேற்பார்வைக்கு வந்தவர் சொல்ல, இவன் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுச் சுவரில், வெயிலும் சாரலும் படாத இடத்தில் மாட்டினான். கொட்டிலில் இருந்து வயர் நிலத்துக்குக் கீழே குழாயில் வருகிறது, மேலே எச்சரிக்கை நாடா போட்டு மூடினான். எங்கள் மணலில் ஒரு ஏர்த் கம்பி காணாது என்று அளந்து பார்த்து, இன்னொன்று ஆழமாக அடித்தான். சித்திரையிலும் ஐப்பசியிலும் இங்கே இடி மின்னல் சும்மா விடாது, இரும்புக் கொட்டிலோ வெட்டை வெளியில் நிற்கிறது. அவன் அளந்த தாளில் கையெழுத்தும் வைத்துத் தந்தான்.

பனல் இரண்டு பக்கமும் கண்ணாடி, அடியிலும் வெளிச்சம் வாங்கும். வீட்டுக் கூரையில் ஒட்டிப் போட்டால் அந்த வசதி வீண். கொட்டிலில், அதுவும் எங்கள் வெள்ளை மணலில், பயன் உண்டு. சீமெந்து போடாமல் மணலாகவே விட்டிருக்கிறேன், சில்லுப் போகும் இடத்துக்கு மட்டும் கல். நல்ல வெயில் நாளில் 22 யூனிட் அளவில் வருகிறது. மார்கழி அடைமழையில் ஐந்து ஆறுக்கும் இறங்கியிருக்கிறது. ஆண்டு முழுக்க ஒரே மாதிரி வரும் என்று கணக்குக் காட்டும் தாளை நம்ப வேண்டாம்.

விற்பனைக்காரர் சொன்னதில் சுத்தப் பொய் ஒன்று: கரண்ட் நின்றாலும் வீட்டில் கரண்ட் இருக்குமாம். பற்றரி இல்லாத சாதாரண இன்வேர்ட்டர் லைன் நின்றவுடன் தானும் நின்றுவிடும், நிற்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி நிற்கும் மனிசனுக்கு நம் வீட்டுக் கரண்ட் அடிக்கும். இருட்டிலும் வேண்டுமென்றால் ஹைபிரிட் இன்வேர்ட்டரும் லிதியம் பற்றரியும் போட வேண்டும், அது வேறு விலை. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நாடே இருண்டதே, அன்று பட்டப்பகல் வெயிலில் பற்றரி இல்லாத சோலர் வீடுகளிலும் ஃபேன் சுற்றவில்லை. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பாவனை குறைவு என்று, கூரைச் சோலரைப் பின்னேரம் மூன்று மணி வரை நிறுத்தி வைக்கச் சொல்லி மின்சார சபை கேட்டுக்கொண்டது. வருமானக் கணக்குப் போடுகிறவர்கள் இந்த நாட்களையும் கழித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு மத்தியானத்தில் எங்கள் இன்வேர்ட்டரும் சிவப்பு லைற் காட்டி நிற்பதுண்டு. நாங்கள் லைனின் வால் பக்கம். எல்லாரும் ஒரே நேரத்தில் கரண்டை உள்ளே தள்ள வோல்ட் ஏறி, இன்வேர்ட்டர் கையை விட்டுவிடும். மீற்றருக்குப் போகும் வயரை அந்தத் தம்பி தடித்ததாக மாற்றிய பிறகு பெருமளவு குறைந்தது. உங்கள் டிரான்ஸ்போமரில் இடம் இருக்கிறதா, உங்கள் வீடு அதிலிருந்து எவ்வளவு தூரம் என்று காசு கட்டுமுன் விசாரியுங்கள். லைனுக்குக் கொடுக்கும் நம் கரண்டுக்குக் கிடைக்கும் விலை விஷயத்திலும் பழைய கதைகளைக் கேட்டு ஏமாற வேண்டாம். 2016இல் சூரிய பல சங்கிராமம் என்ற அரசாங்கக் கூரைச் சோலர் திட்டம் தொடங்கியபோது யூனிட்டுக்கு முதல் 7 வருடம் 22 ரூபாய், அடுத்த 13 வருடம் 15.50 என்று இருந்தது. பிறகு பலமுறை மாறிவிட்டது. உங்கள் மாமாவுக்கு என்ன விலை கிடைத்தது என்பது உங்களுக்கு உதவாது, உங்கள் 20 வருட ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் கணக்கு.

கழுவுவது சுகம், இது கொட்டிலின் பெரிய இலாபம். கூரையில் ஏற வேண்டாம், தாழ்ந்த பக்கம் நின்று நீளப் பிடி மொப்பால் இழுத்தால் முக்கால்வாசி எட்டும். விடியப்புறம், பனல் குளிராக இருக்கும்போது செய்யுங்கள், கொதிக்கிற கண்ணாடியில் தண்ணி ஊற்றக்கூடாது. கிணற்றுத் தண்ணி உவராக இருந்தால் வெள்ளைப் படை பிடிக்கும், குழாய்த் தண்ணி நல்லம். கச்சான் காலத்துப் புழுதியை விட எங்களுக்குக் காகம்தான் கரைச்சல். வாவியில் மீன் பொறுக்கி வந்து எங்கள் பனலில் வைத்துத்தான் தின்னும்.

இரும்பு வேலை மொத்தச் செலவில் நாலில் ஒரு பங்குக்கு மேல் விழுங்கியது. கரண்ட் மட்டும் வேண்டும், கூரையும் நல்லம் என்றால் கொட்டில் போடாதீர்கள், கூரையிலேயே போடுங்கள். எப்படியும் கராஜ் கட்டத்தான் போகிறேன் என்கிறவருக்குத் தகரக் காசு மிச்சம், அவருக்கு இது கட்டும். எங்கள் வேனுக்குள் இப்போது பின்னேரம் ஏறினாலும் சீற் சுடுவதில்லை, மனிசி சோலரைப் பற்றிச் சொல்லும் ஒரே நல்ல வார்த்தையும் அதுதான்.

அதே கொம்பனியைத் திரும்பக் கூப்பிடுவேனா என்று கேட்டால், பனலுக்கும் வயரிங்குக்கும் கூப்பிடுவேன், அந்தத் தம்பி வருவான் என்றால் மட்டும். தூணையும் சட்டத்தையும் ஊர் பாஸ்மாரிடம் கொடுத்துவிடுவேன். சித்திரைக்கு முன் வந்து எல்லாப் போல்ட்டையும் ஒருக்கா இறுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வந்தார்களா, பெயின்ற் காசு தந்தார்களா என்று இதற்குக் கீழேயே எழுதுகிறேன்.