மானிட்டர் இருட்டானால் உடனே மதர்போர்டை மாற்றிவிடாதீர்கள்

திருவல்லிக்கேணியில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். 2009-ல் வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று இன்னும் ஓடுகிறது. பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் சாஃப்ட்வேரும் பழைய தமிழ் ஃபான்ட்டுகளும் அதில்தான். அந்த ஃபைல்களைப் புது மெஷினில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். அதனால் அதை விட மனசு வராது.

போன மாதம் ஆன் செய்தால் திரை இரண்டு நொடி தெரியும், பிறகு கும்மிருட்டு. மானிட்டரில் பச்சை விளக்கு எரிகிறது. ஸ்பீக்கரில் விண்டோஸ் திறக்கும் சத்தமும் கேட்கிறது. பக்கத்துத் தெருவிலிருந்து வந்து பார்த்தவரிடம் இதைச் சொன்னேன். காதிலேயே வாங்கவில்லை. "மதர்போர்டு போச்சுக்கா, புது செட்டே போட்டுடுங்க" என்று 22,000 ரூபாய்க்குக் கணக்குச் சொன்னார்.

சத்தம் வருகிறதே, கம்ப்யூட்டரையே ஓட்டுகிற அந்த மெயின் போர்டு எப்படிப் போகும்? சிபியூவை ஆட்டோவில் ஏற்றி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். மாடியில் மானிட்டர் சர்வீஸ் மட்டும் செய்கிற சின்னக் கடை. அந்த அண்ணன் தன் மானிட்டரில் மாட்டினார். பளிச்சென்று வந்தது. "போர்டுல ஒண்ணும் இல்லம்மா. உங்க மானிட்டர் எங்கே?"

திரும்பப் போய் அதையும் தூக்கி வந்தேன். ஆன் செய்து, திரை இருண்டதும் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தார். பென்சிலில் லேசாகக் கிறுக்கியதுபோல் என் டெஸ்க்டாப் ஐகான்கள் அத்தனையும் உள்ளே தெரிந்தன! "படம் வருது. பின்னாடி லைட்தான் நிக்கலை."

பின்பக்கத்தைக் கழற்றிப் பவர் போர்டைக் காட்டினார். அதில் கெப்பாசிட்டர்கள், அதாவது மின்சாரத்தைத் தேக்கிச் சீராகக் கொடுக்கிற சின்ன உருளைகள் இருந்தன. மற்றவையெல்லாம் தலை தட்டையாக இருக்க, இரண்டு மட்டும் பூரி போல உப்பியிருந்தன. தேக்கும் அளவு 1000 மைக்ரோஃபேரட், தாங்கும் அளவு 16 வோல்ட். அவர் வைத்தது 25 வோல்ட். ஏன் என்று கேட்டதற்கு, "மைக்ரோஃபேரட் அதேதான் இருக்கணும். வோல்ட் கூடலாம், குறையக்கூடாது" என்று பொறுமையாகச் சொன்னார். மொத்தம் 450 ரூபாய். கழற்றிய இரண்டையும் ஒரு கவரில் போட்டு என் கையிலேயே கொடுத்தார். எத்தனை கடையில் அப்படிக் கொடுக்கிறார்கள்?

குறை என்றால், படி ரொம்பச் செங்குத்து, உட்கார இடமில்லை, இரண்டு மணி நேரம் நின்றேன். பில்லும் தரவில்லை, ஒரு மாத வாரண்ட்டி வாய்வார்த்தைதான். பில் கட்டாயம் தர வேண்டும்.

டார்ச் சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மானிட்டரை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். கடைக்குப் போகும்போது சிபியூ, மானிட்டர், இரண்டையும் இணைக்கிற விஜிஏ கேபிள் மூன்றையும் சேர்த்தே கொண்டுபோங்கள். எனக்கு ஆட்டோ காசு இரண்டு தடவை ஆனது.