மிக்சர் பாக்கெட்டுக்கு எது பொருத்தம்: நட்சத்திரமா, கறுப்பு எண்கோணமா?

காட்பாடி காந்தி நகரில் ஒரு சூப்பர் மார்க்கெட். அத்தைக்கு பிரஷர், உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் கண்டித்து மூன்று மாதம் ஆகிறது. கையில் 200 கிராம் மிக்சர் பாக்கெட். பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தார், எக்ஸ்பைரி தேதி பார்த்தார், விலை பார்த்தார், கூடையில் போட்டார். எங்கள் வீட்டில் லேபிள் படிப்பது இவ்வளவுதான்.

பின்பக்கம் திருப்பினேன். ஒட்டின மடிப்புக்குள் பாதி மறைந்த பொடி எழுத்து. 100 கிராமில் சோடியம் 780 மில்லிகிராம். பக்கத்துக் கட்டத்தில், ஒரு தடவைக்கு 30 கிராம் தின்றால் ஒரு நாள் அளவில் 12 சதவீதம். 12 என்று பார்த்தால் யாருக்குப் பயம் வரும்? ஆனால் அந்த 30 கிராம் ஒரு கைப்பிடி. சீரியல் ஓடும்போது அத்தை கை நிற்காது, பாதி பாக்கெட் போய்விடும். சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு வந்துவிடும்: கிட்டத்தட்ட 2 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுக்கவே 5 கிராமுக்குள் என்கிறது. சாம்பார், ரசம், ஊறுகாய் எல்லாம் மீதி 3 கிராமுக்குள் அடங்க வேண்டும்.

இந்தக் கணக்கைக் கடையில் நின்று யார் போடுவார்கள்? அதுவும் அத்தைக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். 2020 லேபிள் விதிப்படி விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும். தமிழ் கம்பெனிக்காரர் இஷ்டம். ஆக, பின்பக்க அட்டவணை அவர் வரைக்கும் வெறும் கோடு.

முன்பக்கத்தில் ஒரே குறி போடலாம் என்று 2022-இல் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம்) வரைவு விட்டது: அரையிலிருந்து ஐந்து வரை நட்சத்திரம். எனக்கு இது ஒத்துவரவில்லை. உப்புக்கும் கொழுப்புக்கும் மார்க் குறைத்துவிட்டு, புரதம், நார்ச்சத்து, பருப்பு, கொட்டைகளுக்கு மார்க் கூட்டும் முறை அது. மிக்சரில் கடலையும் பொட்டுக்கடலையும் கிடக்கின்றன. அவை உப்பின் பாவத்தைக் கொஞ்சம் கழுவிவிடும். பிரஷர்காரருக்கு அந்தக் கூட்டிக் கழித்த மார்க் எதற்கு? தவிர, நட்சத்திரம் ஒன்றே ஒன்று இருந்தாலும் நம்மவர்களுக்கு அது பாராட்டு மாதிரிதான் தெரியும். அத்தையிடம் சொன்னபோது, “பாக்கெட்டுக்கும் நட்சத்திரமா? பூரமா, உத்திரமா?” என்றார்.

பிரிட்டனின் டிராஃபிக் சிக்னல் முறை இதைவிட மேல். கொழுப்பு, சர்க்கரை, உப்பு ஒவ்வொன்றுக்கும் தனி நிறம். 100 கிராமில் உப்பு 1.5 கிராமைத் தாண்டினால் சிவப்பு. ஆனால் அங்கே அது கட்டாயம் இல்லை. நமக்கு வேறொரு சிக்கலும் உண்டு: பச்சை என்றால் சைவம் என்று கண் பழகிவிட்டது. சர்க்கரைக்கு ஒரு பச்சை, கொழுப்புக்கு ஒரு சிவப்பு என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டால் “இதுல முட்டை கிட்டை இருக்கா?” என்றுதான் முதல் கேள்வி வரும்.

என் ஓட்டு தென் அமெரிக்க நாடான சிலிக்கு. 2016-இலிருந்து அங்கே கறுப்பு எண்கோணம். உப்பு அதிகம், சர்க்கரை அதிகம் என்று தனித்தனியே. திடப்பொருளில் 100 கிராமுக்கு சோடியம் 400 மில்லிகிராமைத் தாண்டினால் முத்திரை விழும். எங்கள் மிக்சர் அதைப்போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கூட்டல் கழித்தல் கிடையாது, கடலை வந்து காப்பாற்றாது. கறுப்புக் கட்டத்துக்குள் ‘உப்பு அதிகம்’ என்று தமிழில் இரண்டே வார்த்தை இருந்தால் அத்தை கண்ணாடி தேடாமலே படித்துவிடுவார்.

கணக்கெல்லாம் சொல்லி முடித்ததும் அத்தை பாக்கெட்டைத் திரும்ப அடுக்கில் வைத்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் பெருமைதான். வெளியே வந்து நான் வண்டியை எடுப்பதற்குள், பக்கத்து ஸ்வீட் கடைக் கண்ணாடி ஜாடியிலிருந்து கால் கிலோ காராசேவு நிறுத்துக்கொண்டிருந்தார்கள். காகிதப் பொட்டலம்; தேதி இல்லை, புள்ளி இல்லை, அட்டவணை இல்லை.

“ஏம்மா முறைக்கிற? ஒண்ணு எடுத்து வாயில போட்டுப் பார்த்துட்டுதான் வாங்கினேன். உப்பு கம்மிதான்.”